வேகத்தின் விலை யார் தலையில்?

எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம் உண்டு. அதில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைப் படித்துவிட்டுத்தான் என் காலை நடை தொடங்கும். பணி ஓய்வுக்குப் பின் வந்த வழக்கம் இது. முதியவர்களின் பதாகையில் இருப்பது பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த படம். இளைஞர்களின் படம் வேறு மாதிரி. கறுப்புக் கண்ணாடி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி வண்டியில் சாய்ந்த தோரணை. கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். இடையே 19 ஆண்டுகளோ, 21 ஆண்டுகளோ. அந்த வண்டிதான் அவனைக் கொண்டுபோனது என்பது பதாகை வைத்த நண்பர்களுக்கும் தெரியும். ஆனால், அவன் விரும்பி எடுத்துக்கொண்ட வேறு படம் அவர்களிடம் இருப்பதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டிய காலை, ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் வந்தது. அன்றைக்கு ஓர் இரங்கல் கூட்டம், இரண்டு நிமிட மௌனம், விடுமுறை. மாணவர்கள் வாசலில் நின்று அழுவார்கள். பிறகு அதே வண்டிகளில், மூன்று மூன்று பேராக, தலைக்கவசம் இல்லாமல் அஞ்சலி செலுத்தப் போவார்கள். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நெடுநாள் எனக்கு இது புரியாத புதிராகவே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அந்த ஓராண்டில் நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மிக அதிக விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாளொன்றுக்கு 49 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். தலைக்கவசம் அணியாத நிலையில் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள்கூட அல்லர், பின்னால் அமர்ந்திருந்தவர்கள். இந்த இரண்டாவது எண்ணை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இளைஞர்களிடம் இதை எப்படிச் சொல்வது? இதுவரை நாம் கையாண்ட வழிகள் இரண்டுதான்: அறிவுரை, அச்சுறுத்தல். சாலைப் பாதுகாப்பு மாதம் வந்துவிட்டால் கல்லூரிகளில் விழிப்புணர்வுப் பேரணி நடக்கும். கொடியசைத்துத் தொடங்கிவைக்க அதிகாரிகள் வருவார்கள். ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’ என்று முழங்கியபடி நூறு மாணவர்கள் தலைக்கவசத்துடன் வண்டிகளில் போவார்கள். பேரணி முடிந்த இடத்திலிருந்து திரும்பும்போது அந்த நூறு கவசங்களும் வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளில் தொங்கும். ஒருமுறை, விபத்துக் காட்சிகள் அடங்கிய குறும்படம் ஒன்றை அரங்கில் திரையிட்டார்கள். ரத்தத்தைக் கண்டு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் விசிலடித்தார்கள். அரை மணி நேரத்தில் அது சிற்றுண்டிச்சாலைப் பேச்சாகிக் கரைந்துபோனது.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கும் நெடுங்காலம் இருந்ததில்லை. ஐம்பது வயதை நெருங்கும் வரை தலைக்கவசத்தைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டியவன்தான் நானும். காவலர் நிற்கும் சந்திப்பு கண்ணில் படும்போது மட்டும் அது தலைக்கு ஏறும். மாணவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

புதிரின் ஒரு முடிச்சை அவிழ்த்தவன் ஒரு மாணவன்தான். இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். நகரப் பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரி 12 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 12 நிமிடம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 9 நிமிடம். மிச்சம் மூன்று நிமிடங்கள். ஆனால், சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று நிமிடத்துக்காக இவ்வளவு பெரிய ஆபத்தை விலைக்கு வாங்கலாமா என்று வெற்றிக்களிப்புடன் கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, “மூணு நிமிஷத்துக்காக யார் சார் வேகமாப் போறாங்க? வேகமாப் போறதுக்காகத்தான் சார் போறோம்” என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், நான் படித்த பொருளியலைவிட அவன் சொன்னது தெளிவாக இருந்தது. வேகத்தை நேரத்தை மிச்சப்படுத்தும் கருவியாக நாம் கருதுகிறோம். அவர்களுக்கோ வேகமே நுகர்பொருள். அதைவிட, நண்பர்கள் முன்னிலையில் நுகரப்படும் பொருள். தனியாகப் போகும்போது ஒழுங்காக ஓட்டும் பையன், பின்னால் இருவரும் பக்கத்தில் இன்னொரு வண்டியும் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுகிறான். அவனுக்கு ஆபத்து தெரியாததல்ல சிக்கல். கோழை என்று பெயரெடுப்பது, அவனுடைய கணக்கில், எலும்பு முறிவதைவிட உடனடியானது, உறுதியானது.

2005-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங், 1973-இல் ஒரு கட்டுரையில் இதே சிக்கலை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது பனித்தள ஹாக்கி வீரர்களின் தலைக்கவசத்தை. சக வீரர் ஒருவர் தலையில் பலத்த காயமடைந்ததைக் கண்ட பிறகும் பெரும்பாலானோர் கவசமின்றியே ஆடினார்கள். தான் மட்டும் அணிந்தால் ஆட்டத்தில் சற்றுப் பின்தங்க நேரும்; பயந்தாங்கொள்ளி என்ற பேச்சும் வரும். ஆனால், எல்லோரும் கட்டாயம் அணிய வேண்டும் என்று விதி வந்தால் அதை மனதுக்குள் வரவேற்கக் கூடியவர்களும் அதே வீரர்கள்தான் என்பது ஷெல்லிங்கின் வாதம். தனித்தனியாக ஒவ்வொருவரும் எடுக்கும் முடிவு ஒன்று. கூட்டாக விரும்புவது வேறொன்று. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1979-இல் புதிய வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அது ஒரு பேச்சாகவே இல்லாமல் போயிற்று.

நம்மூரிலும் இதற்கு ஒரு சிறு ஒத்திகை நடந்ததுண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டபோது, கடைகளில் அதற்குப் பெருங்கூட்டம் மொய்த்தது நினைவிருக்கலாம். அந்தச் சில வாரங்கள் எங்கள் கல்லூரி வாகன நிறுத்தத்தில் கவசமில்லாத வண்டியைப் பார்ப்பது அரிதாக இருந்தது. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. எல்லோரும் அணியும்போது அணிவதில் வெட்கமில்லை, அவ்வளவுதான். பின்னர் சோதனைகள் குறைந்தன. முதலில் நான்கு பேர் கழற்றினார்கள். ஆயுத பூஜைக்குள் பழைய நிலை திரும்பிவிட்டது.

அபராதத்தை உயர்த்தினால் போதுமே என்பவர்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் உயர்த்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசம் இல்லையென்றால் 1,000 ரூபாய். குற்றமும் தண்டனையும் பற்றி 1968-இல் எழுதிய கேரி பெக்கர், மனிதன் தண்டனையின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, அகப்படும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கிறான் என்றார். ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குத் தாமதமாகிவிட்ட நாளில், அபராதம் வந்தாலும் பரவாயில்லை என்று வண்டியைத் தடைசெய்யப்பட்ட இடத்தில் நிறுத்தியபோது தோன்றிய யோசனை அது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எந்தச் சந்திப்பில், எந்த நேரத்தில் காவலர் நிற்பார் என்பது என் மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தைவிட நன்றாகத் தெரியும். வாட்ஸ்ஆப் குழுவில் முன்கூட்டியே தகவல் வந்துவிடும். ஆயிரத்தைப் பத்தாயிரமாக்கினாலும், சுழியால் பெருக்கினால் விடை சுழிதான்.

அப்படியானால் எதைச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்? என் அனுபவத்தில் ஒரே ஒருமுறை ஒரு வகுப்பு முழுவதும் உண்மையாகவே மௌனமானது. அன்று நான் மரணத்தைப் பற்றிப் பேசவில்லை. நீதிமன்றம் மரணத்துக்கு விலை போடும் முறையைப் பேசினேன்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் பின்பற்றும் கணக்கு, உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துத் தந்தது. மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும், திருமணமாகாத 22 வயது இளைஞன் ஒருவன், வேறொரு வாகன ஓட்டியின் தவறால் இறந்துவிட்டதாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் 2,40,000. நிரந்தரப் பணியில் இல்லாதவன் என்றால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும்: 3,36,000. மணமாகாதவன் என்பதால், தனக்கே செலவழித்திருப்பான் என்று பாதியைக் கழிக்க வேண்டும்: 1,68,000. அவன் வயதுக்குரிய பெருக்கல் எண் 18. ஆக, 30,24,000 ரூபாய். இத்துடன் ஈமச் சடங்குச் செலவு போன்ற தலைப்புகளில் சில ஆயிரங்கள். நாற்பது ஆண்டு உழைத்திருக்கக் கூடிய ஒரு மகனுக்குப் பதிலாக, வழக்கு முடிந்தபின் குடும்பத்துக்குக் கிடைப்பது இது.

கரும்பலகையில் அந்தத் தொகையைப் பார்த்தபோதுகூட அவர்கள் பெரிதாக அசையவில்லை. சிலருக்கு அது பெரிய தொகையாகவே தோன்றியிருக்கும். அப்போது முன்வரிசையில் ஒரு மாணவி, “தப்பு அந்தப் பையன் மேலேயே இருந்தா சார்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் வகுப்பு அடங்கியது. தவறு அவனுடையதே என்றால் மேற்சொன்ன கணக்கே கிடையாது. மூன்றாம் நபர் காப்பீடு என்பது அவனால் பாதிக்கப்பட்டவருக்கானது; தானே தடுப்புச்சுவரில் மோதி விழுந்தவனுக்கு அதில் இடமில்லை. உரிமையாளரே ஓட்டும்போது நேரும் மரணத்துக்கு 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால், வண்டி யார் பெயரில் இருக்கிறது? கையைத் தூக்கச் சொன்னேன். வண்டியில் வருகிற மாணவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வண்டி அப்பாவின் பெயரில். சிலருக்கு மாமாவின் பெயரில், அண்ணனின் பெயரில். நண்பனிடம் இரவல் வாங்கி ஓட்டினாலும் இதே கதைதான். இரவல் வாங்கியவன் சட்டத்தின் பார்வையில் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறான் என்று 2009-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உரிமம் இல்லாத பையன் இன்னொருவர்மேல் மோதி அவர் இறந்துபோனால், காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு, பின்னர் அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு. உரிமையாளர் என்றால் அப்பா. அவரிடம் இருப்பது ஒரு வீடு, ஒன்றரை ஏக்கர் நிலம். ஓட்டியவன் 18 வயது நிரம்பாதவன் என்றால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

தன் உயிரைப் பணயம் வைக்கும் துணிச்சலை நண்பர்கள் மெச்சலாம். அப்பாவின் நிலத்தைப் பணயம் வைப்பதை யாரும் துணிச்சல் என்று மெச்சுவதில்லை. மறுநாள் இரண்டு மாணவர்கள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் காப்பீட்டுத் தாளையும் எடுத்துவந்து, என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். ஒன்றில் காப்பீடு காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு வகுப்பின் மௌனத்தையும் இரண்டு பேரின் வருகையையும் வைத்துப் பொதுவிதி எழுதக் கூடாது என்பது புள்ளியியல் படித்த எனக்குத் தெரியும். எனினும், ரத்தக் குறும்படத்துக்குப் பிறகு யாரும் என் அறைக்கு வரவில்லை.

இந்தக் கணக்கை நான் அவ்வளவு விரிவாகத் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு குடும்பம். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் துறை மாணவன் ஒருவனின் தந்தை என்னைப் பார்க்க வந்தார். மூன்று கறவை மாடுகளும் கொஞ்சம் மானாவாரி நிலமும் உள்ளவர். மகன் வண்டி கேட்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. “நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செஞ்சிடறேன் சார்” என்றார். அவர்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். முதல் வகுப்பை அவன் பாதி நாள் தவறவிட்டுக்கொண்டிருந்தான். நல்ல மாணவன். நான் அதை மட்டும் யோசித்து, “வாங்கிக் கொடுங்கள்” என்றேன். உரிமம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு திருமண வரவேற்பிலிருந்து இரவில் திரும்புகையில் அவன் வண்டி சாலைத் தடுப்பில் மோதியது. வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படவில்லை. தலைக்கவசம் பக்கக் கண்ணாடியில் மாட்டியிருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் அமர்ந்திருந்த நண்பன் அங்கேயே இறந்துபோனான். இவன் பிழைத்தான். ஆனால், பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை. வலது கை இயங்கவில்லை. சில நாள்களில் தாயையே அடையாளம் தெரியாது.

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது. அது அப்போது இல்லை. இருந்திருந்தாலும் 48 மணி நேரத்தோடு முடிகிற செலவல்ல இது. மாடுகள் முதலில் போயின, பிறகு நிலத்தில் பாதி. அவனைப் பார்த்துக்கொள்ளத் தாய் கூலி வேலையை விட்டார். தாயின் கூலி நின்றதால், பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த தங்கை படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் ஆய்வு நடத்தி உலக வங்கி 2021-இல் வெளியிட்ட அறிக்கை, சாலை விபத்துக்குப் பிறகு ஏழைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வருமானம் சரிந்ததாகச் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தங்கையின் முகம்தான் வந்தது. அவள் வண்டியில் ஏறியதே இல்லை. பின்னால் அமர்ந்து இறந்துபோன 14,337 பேரின் பட்டியலிலும் அவள் இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்தத் தந்தை என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. இன்றும் வழியில் பார்த்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பேசுகிறார். அது எனக்கு எளிதாக இல்லை.

பழியை முழுவதும் இளைஞர்கள்மேல் போடுவது நம் தலைமுறைக்கு வசதியானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆளில்லாத திடலில் எட்டு போட்டுக் காட்டினால் உரிமம் கொடுத்துவிடுகிறோம். நெடுஞ்சாலையில் லாரியை எப்படிக் கடப்பது, மழையில் எப்படி நிறுத்துவது என்று யாரும் கற்பிப்பதில்லை. விளக்கில்லாத தடுப்புச்சுவர் முனைகளும், பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளும் அவர்கள் உண்டாக்கியவை அல்ல. காலை எட்டு மணிக்கு ஒழுங்காக ஒரு நகரப் பேருந்து வந்திருந்தால் என்னிடம் அந்தத் தந்தை வந்திருக்கவே மாட்டார். உணவும் மளிகையும் கொண்டுவரும் இளைஞர்களின் வேகம் தனி. அது நுகர்வன்று, கூலி. ஓர் ஒப்படைப்புக்கு இவ்வளவு, இத்தனை முடித்தால் ஊக்கத்தொகை என்று கணக்கு வைத்துவிட்டு, அவனிடம் மெதுவாகப் போ என்று சொல்வது கேலிக்கூத்து. அங்கே மனம் மாற வேண்டியவர் வண்டியில் இல்லை. கூலியை நிர்ணயிக்கும் இடத்தில் இருக்கிறார்.

கல்லூரிகள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. பேரணியைவிடச் செலவு குறைந்தது. தலைக்கவசம் இல்லாத வண்டி வளாகத்துக்குள் வரக் கூடாது என்ற விதியை முதல்வர் அறிவிப்பதற்குப் பதிலாக, மாணவர்களையே ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்யச் சொல்லலாம். பின்னால் அமர்பவருக்கும் சேர்த்துத்தான். தனியாகக் கேட்டால் சிரிக்கும் பையன், பெயர் எழுதாத சீட்டில் என்ன எழுதுவான் என்பதை அறிய எனக்கு ஆவல். ஷெல்லிங் சொன்னது சரியென்றால் ஆதரவு கணிசமாக இருக்கும். விதியானபின் பேராசிரியர்களுக்கும் அது பொருந்த வேண்டும். காரில் வருபவர் பட்டை அணிந்திருக்கிறாரா என்பதையும் அதே காவலாளி பார்க்க வேண்டும். சேர்க்கை நாளில், பெற்றோர் அருகில் இருக்கும்போதே, வண்டி யார் பெயரில், உரிமம் எங்கே, காப்பீடு எதுவரை என்று மூன்று கேள்விகளையும் கேட்டுவிடலாம். நான் பணியில் இருந்தபோது இதை யோசிக்கவில்லை.

என் மகளின் மகனுக்குச் சென்ற மாதம் 18 வயது முடிந்தது. கல்லூரியில் சேர்ந்தாயிற்று, எதிர்பார்த்தபடியே வண்டி கேட்கிறான். மகள் முடிவை என்னிடம் தள்ளிவிட்டாள். மறுத்துவிடுவது எனக்கு எளிது. ஆனால், அவன் நண்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவான், அதை நான் அறியவும் மாட்டேன். உரிமம் வாங்கி வா, வண்டி உன் பெயரிலேயே இருக்கட்டும், தலைக்கவசம் இரண்டு வாங்குவோம் என்றேன். உடனே ஒப்புக்கொண்டான். அவ்வளவு விரைவாக ஒப்புக்கொண்டதே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. அவனோடு சேர்ந்து போகும் நண்பர்கள் நான்கு பேரையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகை இல்லை, ஒரு நோட்டுப்புத்தகம் போதும். “அவனுங்க கிண்டல் பண்ணுவானுங்க தாத்தா” என்கிறான். பண்ணட்டும், வரச் சொல் என்று சொல்லியிருக்கிறேன்.